பழைய புகைப்படத்தில் நேரோ கேஜ் ரயிலை அடையாளம் காண்பது: மலைமுகட்டிலிருந்து கப்ளிங் வரை

என்னிடம் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருக்கிறது. வைர வடிவப் புகைபோக்கி வைத்த நீராவி என்ஜின், பின்னால் மரப் பெட்டிகள், அதற்கும் பின்னால் சுவர் போல ஒரு மலை. படத்தின் முதுகில் ‘சில்வர்டன், 1885’ என்று யாரோ பென்சிலால் எழுதியிருந்தார்கள். நானும் அப்படியே நம்பி, அதே எழுத்தை உறை மீதும் எழுதி வைத்தேன். ஒரு வாரம் கழித்துப் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தபோதுதான் ஓட்டுநர் அறையின் பக்கச் சுவரில் எண் தெரிந்தது: 476. அந்த என்ஜின் பிறந்ததே 1923-இல். அந்தப் புகைபோக்கியும் போலி. 1950-களில் சுற்றுலாப் பயணிகளுக்குப் பழைய தோற்றம் காட்ட, சாதாரணப் புகைபோக்கியின் மேல் மாட்டிய தகர உறை அது. எழுதியவர் ஊரை, கொலராடோ மலைகளில் உள்ள சில்வர்டனை, சரியாகச் சொல்லியிருந்தார். வருடத்தில்தான் எழுபது ஆண்டு சறுக்கல்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். படத்தின் பின்னால் எழுதியிருப்பதைக் கடைசியில்தான் படிப்பேன். முதலில் படமே பேசட்டும்.

இந்த வழிகாட்டி அமெரிக்காவின் நேரோ கேஜ் ரயில்களை, அதாவது வழக்கத்தைவிடக் குறுகிய பாதையில் ஓடிய ரயில்களைப் பற்றியது. அதிகமும் கொலராடோ, நியூ மெக்சிகோ மலைகளில் ஓடிய 3 அடிப் பாதைகள். போகிற போக்கில் பென்சில்வேனியாவும் மெய்னும் வரும். செய்யப்போவது எளிமையானது. ஒவ்வொரு தடயமும் ஒரு வேலி: ‘இந்த ஆண்டுக்கு முன்னால் இருக்க முடியாது’ என்பது முன்வேலி, ‘இந்த ஆண்டுக்குப் பின்னால் இருக்க முடியாது’ என்பது பின்வேலி. இரண்டையும் நெருக்கிக்கொண்டே வந்தால் நடுவில் படம் மாட்டிக்கொள்ளும்.

படி 1: நன்றாக ஸ்கேன் செய்யுங்கள்

சின்னப் பிரிண்ட் என்றால் 1200 டிபிஐ, கொஞ்சம் பெரியது என்றால் 600 போதும். கறுப்பு வெள்ளைப் படத்தையும் வண்ண ஸ்கேனாகவே எடுங்கள். மங்கிய மை, பென்சில் கோடு, கறை எல்லாம் அதில்தான் பிரிந்து தெரியும். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். மென்பொருள் ‘கூர்மையாக்கித் தருகிறேன்’ என்று வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இப்போதைய செயலிகள் இல்லாத எழுத்தை உருவாக்கியே காட்டிவிடும். 3 எது, 8 எது என்று தெரியாமல் நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள். புத்தகத்திலிருந்து எடுத்த படம் என்றால் எவ்வளவு பெரிதாக்கினாலும் புள்ளிகள்தான் மிஞ்சும். அதில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

அடுத்து, படம் இடவலம் புரண்டிருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடி நெகடிவைத் திருப்பிப் போட்டு எடுத்த பிரிண்டுகள் ஏராளம். எழுத்து இருந்தால் உடனே தெரியும். இல்லையென்றால் என்ஜினைப் பாருங்கள். அமெரிக்க என்ஜின்களில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்காருவார். முன்பின் இயக்கத்தை மாற்றும் நீண்ட கம்பியும் அவரிடமிருந்து வலப்பக்கமாகத்தான் முன்னே போகும். பிரேக்குக்கான காற்றுப் பம்பு பெரும்பாலும் இடப்பக்கம். இவை மாறியிருந்தால் படத்தையும் மாற்றிப் போடுங்கள். இதைச் செய்யாமல் மலைகளைத் தேடப் போனால் உலகத்தில் இல்லாத மலையைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

படி 2: உண்மையிலேயே நேரோ கேஜ்தானா?

வழக்கமான பாதையில் இரு தண்டவாளங்களுக்கு நடுவே 4 அடி 8½ அங்குலம். கொலராடோவில் 3 அடி. மெய்ன் மாநிலத்தின் குட்டி ரயில்களில் வெறும் 2 அடி. பக்கவாட்டுப் படத்தில் இதைக் கண்ணால் அளப்பது கடினம். ஆனால் பெட்டியை நேர் முன்னாலிருந்தோ பின்னாலிருந்தோ எடுத்த படம் என்றால் ஸ்கேல் ஒன்று போதும். பெட்டியின் அகலத்தை தண்டவாள இடைவெளியால் வகுத்துப் பாருங்கள். வழக்கமான பாதையில் சுமார் 2 மடங்கு வரும். 3 அடிப் பாதையில் பெட்டி 8 அடி அகலம் என்றால் 2.7 வரும். 2 அடிப் பாதையில் 3 மடங்கைத் தாண்டிவிடும். சிறிய முக்காலி மேல் பெரிய பெட்டியை வைத்தது போல இருக்கும். அளக்கும்போது தண்டவாளமும் பெட்டியின் முகப்பும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

என்ஜினில் இன்னொரு அடையாளம் உண்டு. குறுகிய பாதையில் பெரிய கொதிகலன் வைக்க இடம் போதாது. அதனால் 1903 முதல் வந்த பெரிய என்ஜின்களில் சட்டத்தைச் சக்கரங்களுக்கு வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். சக்கரம் உள்ளே மறைந்திருக்கும். வெளியே கனத்த எதிர்எடைகளும் அவற்றை இணைக்கும் தண்டுகளும் மட்டும் சுழலும். ஒரு முறை பார்த்துப் பழகினால் இந்த உருவத்தைக் கண் மறக்காது.

மூன்று தண்டவாளம் தெரிந்தால் குழம்ப வேண்டாம், சந்தோஷப்படுங்கள். இரண்டு அளவு வண்டிகளும் ஒரே பாதையில் ஓடிய இடம் அது. கொலராடோவில் அலமோசாவுக்கும் அன்டோனிட்டோவுக்கும் நடுவே பல காலம் அப்படித்தான் ஓடியது. இப்படிப்பட்ட இடங்கள் எண்ணி விடக்கூடியவை, தேட வேண்டிய வரைபடம் சட்டென்று சுருங்கிவிடும். விநோதம் ஒன்றும் உண்டு: டுராங்கோவிலிருந்து ஃபார்மிங்டன் போகும் கிளைப்பாதையை 1905-இல் அகலப் பாதையாகவே போட்டார்கள், சுற்றிலும் எல்லாம் நேரோ கேஜாக இருக்கும்போது. 1923-இல் அதையும் குறுக்கினார்கள். உலகமெங்கும் பாதைகள் அகலமாகிக்கொண்டிருந்த காலத்தில் இது ஒடுங்கியது. டுராங்கோ யார்டு படத்தில் அகலப் பாதைப் பெட்டி நின்றால் இந்தக் கதையை நினைவில் வையுங்கள்.

படி 3: நகராததிலிருந்து தொடங்குங்கள்

என்ஜினும் பெட்டிகளும் ஓடுகிறவை. இன்று இங்கே, நாளை வேறு கம்பெனியில். மலை நகராது. கட்டடம் எரியும், இடியும், சில சமயம் பெயர்த்துக்கூடக் கொண்டுபோவார்கள், ஆனாலும் என்ஜினைவிட நம்பலாம். பலரும் முதலில் என்ஜின் எண்ணுக்குத்தான் பாய்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இடம் தெரிந்துவிட்டால் கம்பெனி தெரிந்துவிடும், கம்பெனி தெரிந்தால் எண்ணுக்கு அர்த்தம் வரும்.

மலைமுகட்டின் கோட்டை மட்டும் மெல்லிய தாளில் வரைந்துகொள்ளுங்கள். மரங்களை விட்டுவிடுங்கள், சுரங்கக் காலத்தில் மொட்டையாக இருந்த சரிவு இன்று காடாக இருக்கும். அந்தக் கோட்டைக் கூகுள் எர்த்தில் தரைமட்டப் பார்வையோடு ஒப்பிடுங்கள். வெயில் விழுந்த பக்கத்தையும் பாருங்கள். கொலராடோவில் உச்சிவெயில் நிழல் வடக்கே விழும். பாதை எந்தத் திசையில் போகிறது என்று அதிலிருந்தே ஊகிக்கலாம்.

இப்போது கட்டடங்கள். நேரோ கேஜ் ஸ்டேஷன் என்று தனி உருவம் எதுவும் கிடையாது. பாதைதான் குறுகல், ஸ்டேஷன் மாஸ்டர் எல்லோரையும் போல ஆறடி மனிதர்தான். அதனால் அளவை விட்டுவிட்டு வேலையைப் பாருங்கள். ஒவ்வொரு கட்டடத்திடமும் ‘நீ எதற்காக இங்கே நிற்கிறாய்?’ என்று கேளுங்கள்.

தண்டவாளப் பக்கம் வயிறு தள்ளியது போல முன்னே நீண்ட ஜன்னல் இருந்தால் அங்கே தந்தி ஆபரேட்டர் உட்கார்ந்திருந்தார். இரண்டு பக்கமும் வண்டி வருவதை எழுந்திருக்காமல் பார்க்க அந்த ஏற்பாடு. மேலே கம்பத்தில் கைகாட்டி இருந்தால் அது அநேகமாக ஸ்டேஷன். அகலமான நகர்கதவும் இடுப்பு உயர மேடையும் இருந்தால் சரக்கு அறை. கொஞ்சம் தள்ளி, அடுப்புப் புகைபோக்கியோடு வீடு மாதிரி ஒன்று நின்றால், பாதையைப் பராமரிக்கும் ஆட்கள் தங்கிய வீடு. பாதை நெடுக சில மைல்களுக்கு ஒன்று இருந்ததால் இவற்றைக் குழப்பிக்கொள்வது சுலபம். சாய்ந்த சறுக்குப்பாதையும் வேலியும் இருந்தால் ஆடுமாடு ஏற்றும் பட்டி. சக்கரம் கழற்றிய பழைய சரக்குப் பெட்டியைத் தரையில் இறக்கிக் கொட்டகையாக வைத்துக்கொள்வதும் அங்கே வெகு சகஜம். ‘கட்டடம்’ என்று நினைத்தது பெட்டியாக இருக்கலாம், பலகைகளின் போக்கையும் கூரை வளைவையும் பாருங்கள்.

தண்ணீர்த் தொட்டி தனியாகக் கவனிக்க வேண்டியது. மரப் பட்டைகளை இரும்பு வளையம் போட்டுக் கட்டிய பெரிய பீப்பாய், கூம்புக் கூரை, ஒரு பக்கம் தொங்கும் குழாய். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுதான். ஆனால் வளையங்களை எண்ணுங்கள், கால்களை எண்ணுங்கள், குழாய் எந்தப் பக்கம் என்று பாருங்கள். நியூ மெக்சிகோவின் சாமாவில் உள்ள தொட்டிக்கு இரண்டு குழாய்கள். அதன் அருகில் உயரமான மரத்தாலான நிலக்கரிக் கோபுரம். இரண்டும் இன்றும் நிற்கின்றன, போய்ப் பார்க்கலாம். ஒரு படத்தில் இந்த இரண்டும் சேர்ந்து தெரிந்தபோது, ஊரைத் தேடும் வேலை எனக்கு ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

பெரிய யார்டுகளில் அரைவட்டமான என்ஜின் கொட்டகையும் அதன் நடுவே சுழல்மேடையும் இருக்கும். கதவுகளை எண்ணுங்கள், சுவர் கல்லா செங்கல்லா பாருங்கள். கோமோவில் கல்லால் கட்டியது. 1881-ஆம் ஆண்டு வேலை. டுராங்கோ கொட்டகை 1989 பிப்ரவரியில் எரிந்து, பிறகு மறுபடி கட்டப்பட்டது. ஆகவே ‘பழைய’ டுராங்கோ படம் என்று வருவதில் கொட்டகை மிகப் புதிதாகத் தெரிந்தால் கொஞ்சம் நிதானியுங்கள்.

ஸ்டேஷன் பெயர்ப்பலகை படிக்க முடியாமல் இருந்தாலும் விடாதீர்கள். ரியோ கிராண்டே (டென்வர் அண்ட் ரியோ கிராண்டே கம்பெனி) பலகைகளில் பல இடங்களில் கடல்மட்ட உயரமும் தூரமும் சேர்த்து எழுதியிருப்பார்கள். பெயர் மங்கி, உயரம் மட்டும் தெரிந்தாலே போதும். 10,015 அடி என்றால் கம்ப்ரஸ் கணவாய்.

இடம் தெரிந்ததும் அந்தப் பாதையின் ஆயுளே உங்கள் முதல் வேலிகள். சில்வர்டனுக்கு வண்டி போனது 1882-இல். ஆல்பைன் சுரங்கப்பாதை வழியாக 1882 முதல் 1910 வரைதான் ஓடியது. அன்டோனிட்டோவிலிருந்து சான்டா ஃபே போன ‘சில்லி லைன்’ 1941-இல் மூடப்பட்டது. ஓட்டோ மியர்ஸ் 1890, 91-இல் போட்ட ரியோ கிராண்டே சதர்ன், ரிட்ஜ்வேயிலிருந்து டுராங்கோ வரை 162 மைல், 1950-களின் தொடக்கத்தில் பெயர்க்கப்பட்டது. சவுத் பார்க் மலைப்பாதையின் பெரும்பகுதி 1937-இல் போய்விட்டது.

படி 4: என்ஜின்

இங்கேதான் ஒரே எண்ணில் இரண்டு வேலியும் கிடைக்கும் அதிர்ஷ்டம் உண்டு. டென்வர் அண்ட் ரியோ கிராண்டே வெஸ்டர்ன் கம்பெனியின் பெரிய நேரோ கேஜ் என்ஜின்கள் நான்கு வகை:

- கே-27: 1903, எண்கள் 450 முதல் 464
- கே-28: 1923, எண்கள் 470 முதல் 479
- கே-36: 1925, எண்கள் 480 முதல் 489
- கே-37: 1928 முதல் 1930 வரை அகலப் பாதை என்ஜின்களை மாற்றிக் கட்டியவை, எண்கள் 490 முதல் 499

1942-இல் அமெரிக்க ராணுவம் பத்து கே-28-களில் ஏழை அலாஸ்காவின் வைட் பாஸ் பாதைக்கு எடுத்துப் போய்விட்டது. 473, 476, 478 மட்டுமே மிஞ்சின. ஆகவே கொலராடோ மலையில் 474 நிற்கும் படம் என்றால் 1923-க்கும் 1942-க்கும் நடுவே. அவ்வளவுதான், வாதமே இல்லை.

ஒரு எச்சரிக்கை. கம்பெனிகள் எண்களைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும். எண் கிடைத்ததும் உருவம் அதற்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். வெளிச்சட்டம் இல்லாத சின்ன என்ஜினில் 480 என்று படித்தால் நீங்கள் தவறாகப் படித்திருக்கிறீர்கள்.

எண் தெரியவில்லை என்றால் முகத்தைப் பாருங்கள். பெரிய சதுரப் பெட்டி விளக்கு எண்ணெயில் எரிந்தது. 1910-களில் சின்ன உருண்டை மின்விளக்குகள் அதன் இடத்தைப் பிடித்தன. புகைபோக்கியின் தலையில் பருத்த, விநோதமான தீப்பொறித் தடுப்பான் குந்தியிருந்தால் அது அநேகமாக கொலராடோ அண்ட் சதர்ன் கம்பெனி. அதன் நேரோ கேஜ் என்ஜின்களின் கையெழுத்து அது. வைரப் புகைபோக்கியை மட்டும் தனியாக நம்பாதீர்கள், என் கதையைத்தான் மேலே படித்தீர்களே.

மோட்டார் காரின் மூக்கும் சரக்குப் பெட்டியின் உடலும் சேர்ந்த ஒரு விநோத வண்டி தெரிந்தால் அது ரியோ கிராண்டே சதர்னின் ‘கேலப்பிங் கூஸ்’. காசில்லாத கம்பெனி, புய்க், பியர்ஸ்-ஆரோ கார்களைப் பிரித்து 1931 முதல் அதைக் கட்டியது. காரின் உடல் போய் பஸ்ஸின் உடல் வந்திருந்தால் இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய படம்.

படி 5: பெட்டிகள்

பெட்டியின் பக்கப் பலகையே பாதி ஆவணம். எழுத்து முதலில். ‘டி. அண்ட் ஆர்.ஜி.’ என்று மட்டும் இருந்தால் டென்வர் அண்ட் ரியோ கிராண்டே என்ற பழைய கம்பெனி. கடைசியில் வெஸ்டர்னுக்கான ‘டபிள்யூ’ சேர்ந்திருந்தால் 1921 வாக்கில் நடந்த மாற்றத்துக்குப் பிறகு. காற்றில் பறப்பது போலச் சாய்ந்த ‘ரியோ கிராண்டே’ என்றால் 1940-களை ஒட்டியும் அதற்குப் பிறகும். ஆனால் எழுத்து எப்போதும் முன்வேலி மட்டும்தான், பின்வேலி ஆகாது. தலைமையகத்தில் உத்தரவு போட்ட அன்றே எல்லாப் பெட்டிக்கும் பெயின்ட் அடித்துவிடுவார்களா என்ன? மூலையில் கிடந்த பெட்டி பத்து வருடம் பழைய பெயரோடே ஓடியிருக்கும்.

இதைவிட நுணுக்கமான ஒன்று உண்டு. சரக்குப் பெட்டியின் இடது கீழ்ப்பகுதியில், பெரிய எண்ணுக்குக் கீழே, எடை விவரம் சின்ன எழுத்தில் வரிசையாக இருக்கும்: எவ்வளவு ஏற்றலாம், காலிப் பெட்டியின் எடை என்ன. எடைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டேஷனின் சுருக்கக் குறியும் மாதமும் வருடமும். மரம் ஈரம் குடிக்கும், காயும். அதனால் பெட்டியை அவ்வப்போது மறுபடி எடைபோட்டு அந்தத் தேதியை அங்கே அடிப்பார்கள். ஸ்கேன் நன்றாக இருந்து, இந்த நாலு எழுத்தைப் படித்துவிட்டால் படத்தின் முன்வேலி கைக்கு வந்துவிடும். ஒரே படத்தில் மூன்று பெட்டிகள் என்றால் மூன்று தேதி; அவற்றில் மிகப் பிந்தையதுதான் கணக்கு. என்னைக் கேட்டால், இந்த வேலையில் இதற்கு இணையான சுகம் வேறில்லை.

பெட்டிகளை இணைக்கும் கப்ளிங்கைப் பாருங்கள். ஒற்றை வளையத்தைச் செருகி ஊசி போடும் பழைய முறையா, இரண்டு கைகள் கோத்துக்கொள்வது போன்ற தானியங்கிக் கொக்கியா? 1893-ஆம் ஆண்டு பாதுகாப்புச் சட்டம் பழைய முறைக்கு முடிவு கட்டியது. கெடு 1900 வரை நீண்டது. அதற்குப் பல வருடம் கழித்தும் ஊசி வளையம் தெரிந்தால், சுரங்கத்துக்கோ மரக் கம்பெனிக்கோ சொந்தமான தனிப் பாதையாக இருக்கலாம்.

மரப் பெட்டியின் அடிவயிற்றில் நீளவாக்கில் இரும்புக் கம்பிகள் ஓடும். நடுவில் தொய்வதைத் தடுக்க இழுத்துக் கட்டியவை. கம்பி இருந்தால் பெரும்பாலும் மரச்சட்டம், இல்லையென்றால் பெரும்பாலும் இரும்புச் சட்டம். முழு இரும்பால் செய்த நிலக்கரிப் பெட்டி 3 அடிப் பாதையில் வரிசையாக நிற்கிறதா? கொலராடோவை விட்டு பென்சில்வேனியாவுக்குப் போங்கள். ஈஸ்ட் பிராட் டாப் கம்பெனி 1913 முதலே அவற்றைக் கட்டியது.

கார்டு பெட்டியின் எண் 0-வில் தொடங்கினால் அது ரியோ கிராண்டேயின் வழக்கம். பயணிகள் பெட்டியில் ஜன்னல்களை எண்ணி, மேற்கூரையில் நடுவே உயர்ந்த இரண்டாம் கூரை எப்படி முடிகிறது என்று பாருங்கள். மெய்னின் 2 அடிப் பெட்டிக்குள் எடுத்த படம் என்றால், நடைபாதைக்கு இருபுறமும் ஆளுக்கொரு ஒற்றை இருக்கை. ஏற்றிய சரக்கும் பேசும்: தட்டைப் பெட்டிகளில் நீண்ட இரும்புக் குழாய்கள் அடுக்கியிருந்தால் 1950-களில் ஃபார்மிங்டன் பக்கம் எரிவாயு வேலை சூடுபிடித்த காலம்.

நிறத்தை ஊகிக்க வேண்டாம். பழைய புகைப்படத் தகடுகள் சிவப்பையும் மஞ்சளையும் கறுப்பாகக் காட்டும், நீலத்தை வெள்ளையாகக் காட்டும்.

படி 6: தாளையும் பாருங்கள்

படம் தபால் அட்டையாக இருந்தால், பின்பக்கம் நடுவே கோடு போட்டு முகவரிக்கும் செய்திக்கும் தனித்தனி இடம் இருக்கிறதா? அமெரிக்காவில் அது 1907-க்குப் பிறகு. ஆனால் தாளின் வயது பிரிண்டின் வயது மட்டுமே. புகைப்படக்காரர் வில்லியம் ஹென்றி ஜாக்சன் 1880-களில் எடுத்த கண்ணாடித் தகடுகளிலிருந்து பல காலம் கழித்தும் பிரிண்ட் போட்டார்கள்.

படி 7: ஆவணங்களோடு மோதவிடுங்கள்

இப்போதுதான் வெளியே தேட வேண்டும். டென்வர் பொது நூலகத்தின் மேற்குப் பகுதி வரலாற்றுத் தொகுப்பின் பல படங்கள் இணையத்திலேயே இருக்கின்றன. தபால்காரராக வேலை பார்த்துக்கொண்டே வாழ்நாள் முழுக்க ரயில்களைப் படமெடுத்த ஓட்டோ பெர்ரியின் தொகுப்பு அங்கேதான். அவர் படங்களில் என்ஜின் எண்ணும் இடமும் தேதியும் குறித்திருக்கும், ஒப்பிட அதைவிட வசதி வேறில்லை. ஊருக்குள் இருந்த கட்டடம் என்றால் சான்போர்ன் தீக்காப்பீட்டு வரைபடங்கள். கட்டடத்தின் வடிவம், எத்தனை மாடி என்பதைக் காட்டும்; கல்லா மரமா என்பதை வண்ணத்தில் சொல்லும். அடுத்தடுத்த ஆண்டுப் பதிப்புகளை வரிசையாக வைத்தால் எப்போது கட்டினார்கள், எப்போது இடித்தார்கள் என்று தெரிந்துவிடும்.

நடுக்காட்டில் இருந்த கட்டடத்துக்கு வேறு வழி. 1913-இல் வந்த சட்டத்தின்படி அரசு ஒவ்வொரு ரயில் கம்பெனியின் சொத்தையும் மதிப்பிட்டது. கோழிக்கூண்டு அளவு கொட்டகைக்குக்கூட நீள அகலம் குறித்தார்கள். அந்தக் கோப்புகள் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. படத்தில் இருக்கும் கட்டடம் அந்தப் பட்டியலில் இல்லையென்றால், அதற்கு முன்பே போய்விட்டது, அல்லது பிறகு வந்தது. சரக்குப் பெட்டி எண்களுக்கு அந்தக் காலத்து ரயில் பெட்டிப் பதிவேடுகள். வரிசை எண்ணும் அளவும் கம்பெனிவாரியாக அச்சிட்டிருக்கும்.

படி 8: எழுதி வையுங்கள், ஆனால் காரணத்தோடு

இப்போது பின்பக்கக் குறிப்பைப் படியுங்கள். பொருந்தினால் நல்லது. பொருந்தாவிட்டாலும் அழிக்காதீர்கள், பாதி உண்மை அதில் இருக்கும். மென்மையான பென்சிலால் உறையில் மட்டும் எழுதுங்கள், பேனா வேண்டாம், படத்தின் மீது வேண்டவே வேண்டாம். முடிவை மட்டும் எழுதாமல், எதை வைத்து அப்படிச் சொன்னீர்கள் என்றும் எழுதுங்கள். என் உறையில் இப்போது இருப்பது இது: ‘சில்வர்டன், மலைமுகடு பொருந்துகிறது. என்ஜின் 476, கே-28. போலி வைரப் புகைபோக்கி, ஆகவே 1950-களுக்கு முன் அல்ல. பின்பக்கக் குறிப்பில் 1885 என்று உள்ளது. மூன்றாவது பெட்டியின் எண் இன்னும் படிக்கவில்லை.’